எந்த முறையில் கேலி? யார் யாரைக் கிண்டலடிக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் ஒரு காதுகுத்து விழாவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதை நண்பர்களிடம் சொன்னதிலிருந்து ஆளுக்கொரு கேள்வி. "அவன் சொன்னா சிரிக்கிறாங்க, நான் சொன்னா முறைக்கிறாங்க, ஏன்?" என்பதுதான் பெரும்பாலும் எல்லோருடைய கேள்வியும். வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

கேலி பேச உரிமை என்று ஒன்று உண்டா என்ன? வாய் இருக்கிறவன் பேசுகிறான், அவ்வளவுதானே?

உண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர் கூட இருக்கிறது: முறை. "நீ எந்த முறையில என்னைக் கேலி பண்ற?" என்று பாட்டிமார் கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். அதட்டல் போலத் தெரிந்தாலும் அது உண்மையாகவே பதில் எதிர்பார்க்கும் கேள்வி. "மாமன் முறைதான் பாட்டி" என்று பதில் வந்துவிட்டால் பாட்டி அடுத்த நொடியே சிரிப்பார்.

நம் உறவுமுறையில் பெண் கொடுத்து எடுக்கக்கூடிய பக்கம் முழுக்கக் கேலிக்குத் திறந்த பக்கம். மாமன் மகன், அத்தை மகள், மச்சான், கொழுந்தன், கொழுந்தியாள் எல்லோரும் இதில் வருவார்கள். அண்ணியைக் கொழுந்தன் ஓட்டலாம், அண்ணி அதற்கு மேலே ஓட்டலாம். ஊர்த்திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது முறைப்பையன் மேல்தான். சித்தப்பா மகன் மேல் ஊற்றினால் ஊரே ஒரு மாதிரி பார்க்கும். கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளையின் மூக்கு, நிறம், சம்பளம், அவன் அம்மாவின் சமையல் என்று எதையும் விடாமல் பாட்டிலேயே ஏசுவார்கள். அத்தனையையும் கேட்டுக்கொண்டு அவன் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மறுபக்கம் மாமியாரிடம் மருமகன் கேலி பேசுவதில்லை. சம்பந்திகள் தங்களுக்குள் பேசும்போது சொல்லைத் தராசில் வைத்து நிறுப்பார்கள். பங்காளி கேலி பேசினால் அதில் வரப்புத் தகராறின் வாடை அடிக்கும். ஆக ஒரே குடும்பத்துக்குள்ளேயே சிரிக்கும் வாசல் ஒன்று, சிரிக்காத வாசல் ஒன்று. இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தியதில்லை. பத்து வயதுக்குள் தானாகத் தெரிந்துவிடுகிறது.

சரி, காதுகுத்தில் என்னதான் ஆயிற்று?

கல்லூரியிலிருந்து பழகும் நண்பன். பன்னிரண்டு வருஷமாக அவன் எனக்கு "மச்சான்", நான் அவனுக்கு "மாப்ள". அவன் தங்கை மகளுக்குக் காதுகுத்து, திண்டுக்கல் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலில். இவன் தாய்மாமன், சீர்த்தட்டோடு வருகிறான். தங்கை வீட்டுக்காரரின் தம்பிமார் வரிசையாக நின்று ஆரம்பித்தார்கள். "தட்டெல்லாம் வாழைப்பழமாத்தான் இருக்கு, நகை எந்தத் தட்டுல மாமா?" என்று ஒருவன். "பழத்தோல உரிச்சுப் பாருங்கடா, உள்ள இருக்கும்" என்று இன்னொருவன். கோயிலே சிரித்தது. எனக்கும் கை அரித்தது. "மோதிரத்தை அடகுக்கடையில இருந்து இன்னும் மீக்கல போல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரர் கூட எங்கோ பார்த்தார்.

நண்பனின் பெரியப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தம்பி எந்த ஊரு? நம்ம பையனுக்கு என்ன முறை வேணும்?" நான், "ஃப்ரெண்டுங்க" என்றேன். "சரி சரி. பந்தி போடப் போறாங்க, சாப்பிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். கோபமே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. என்ன ஊர், என்ன முறை என்பதை வைத்து என்ன சாதி என்று அறிந்துகொள்ளும் பழைய வழி அது. பன்னிரண்டு வருஷ "மச்சான்" அந்தக் கோயில் வாசலோடு நின்றுவிட்டது.

சாயங்காலம் நண்பனிடம் கேட்டேன், அவனுங்க சொன்னதுக்கும் நான் சொன்னதுக்கும் என்னடா வித்தியாசம் என்று. அவன் சொன்னான்: "அவனுங்க பேசினா நாளைக்கு அவனுங்க வீட்டு விசேஷத்துல நான் திருப்பிக் கொடுப்பேன். உங்க வீட்டுக் காதுகுத்துக்கு எங்க பெரியப்பா வந்து உன்னையப் பேச முடியுமாடா?"

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கீழே வரும் பதில்கள் பலவற்றில் அவன் குரல்தான் இருக்கிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா?

இல்லை. 1940-இல் ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் இதைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் இன்னொருவரைக் கேலி செய்ய வழக்கம் அனுமதிக்கிறது, சில இடங்களில் கேலி செய்தே ஆக வேண்டும் என்கிறது. கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைத்தான் அவர் கேலி உறவு என்றார். காரணமும் சொன்னார். கல்யாணத்தால் இரண்டு குடும்பங்கள் சேர்கின்றன, ஆனால் அவை இரண்டு குடும்பங்களாகவே இருக்கின்றன. ஒட்டுதலும் உண்டு, உரசலும் உண்டு. அந்த உரசலைத் தாங்க இரண்டு வழி: ஒன்று மாமியார்-மருமகன் போல மிகுந்த மரியாதையோடு தள்ளி நிற்பது, இன்னொன்று மச்சான்மார் போல வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரித்துவிடுவது. நம் நலங்கைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதை இன்னும் பெரிதாக வளர்த்திருக்கிறார்கள். மாலி நாட்டில் இது குடும்பப்பெயரை வைத்தே நடக்கிறது. த்ராவோரே என்ற பெயர்க்காரர் ஜாரா என்ற பெயர்க்காரரைப் பார்த்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "நீ பயறு தின்கிறவன்" என்று ஆரம்பிக்கலாம். பயறு தின்றால் வயிறு என்ன செய்யும் என்பதுதான் அதில் உள்ள கேலி. "நீ என் அடிமை" என்று ஒருவர் சொன்னால், "இல்லை, நீதான் என் அடிமை" என்று மற்றவர் சொல்வார். சந்தையிலும் பேருந்திலும் அரசு அலுவலகத்திலும் இது நடக்கும். 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்த்தாவின் காலத்திலிருந்தே வரும் ஏற்பாடு என்று அங்கே சொல்வார்கள். செனகலில் செரேர், ஜோலா என்ற இரண்டு இனத்தாருக்கு இடையே இதே உறவு உண்டு. நைஜரின் கேலி உறவு வழக்கத்தை யுனெஸ்கோ 2014-இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "நீ என் அடிமை" என்பது உலகத்தில் எங்கே சொன்னாலும் கத்திக்குத்து விழக்கூடிய சொல். அங்கே அது வணக்கம் போலப் புழங்குகிறது. எதிராளிக்கும் அதே சொல்லைச் சொல்ல அதே அளவு உரிமை இருப்பதால்தான் இது நடக்கிறது.

சர்தார்ஜி ஜோக்கை சர்தார்ஜியே சொல்கிறார். நான் சொன்னால் மட்டும் ஏன் தப்பு?

நல்ல உதாரணம், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சர்தார்ஜி ஜோக்குகளை இந்தியா முழுக்கப் பரப்பியவர்களில் பெரிய பங்கு குஷ்வந்த் சிங்குக்கு (1915–2014) உண்டு. அவரே சீக்கியர், சீக்கிய வரலாற்றை எழுதியவர். ஜோக் தொகுப்பாகவே பல புத்தகங்கள் போட்டார். அவரை அவர் சமூகத்திலேயே திட்டியவர்கள் உண்டு. ஆனாலும் அவரை யாரும் வெளியாள் என்று சொல்லிவிட முடியவில்லை. 1974-இல் வாங்கிய பத்ம பூஷண் விருதை, பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்ததைக் கண்டித்து 1984-இல் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். சிரிப்பில் பங்கு கேட்டவர் அடியிலும் பங்கு வாங்கிக்கொண்டார். நமக்கு அந்தக் கணக்கு இல்லை. நாம் ஜோக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

2015-இல் இந்த ஜோக்குகளைத் தடை செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஒரு சீக்கிய வழக்கறிஞர் பொதுநல வழக்குப் போட்டார். இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று மக்களுக்கு ஒழுக்க நெறி வகுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று 2017 பிப்ரவரியில் அமர்வு சொன்னது. அதோடு முடியவில்லை, 2024 நவம்பரில் வேறொரு அமர்வு, இது முக்கியமான விஷயம்தான் என்றது. பள்ளிக்கூடத்தில் தலைப்பாகை கட்டிய பையனை "மணி பன்னிரண்டு ஆச்சா?" என்று, சர்தார்ஜிக்கு நண்பகலில் புத்தி தடுமாறும் என்ற பழைய கேலியை வைத்து ஒரு வகுப்பே கேட்கும்போது, அவன் யாரிடம் எதைத் திருப்பிக் கேட்பான்? வகுப்பில் நாற்பது பேர், அவன் ஒருவன்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. 1905-இலேயே சிக்மண்ட் ஃபிராய்ட், தானும் யூதர் என்ற நிலையில், யூத ஜோக்குகளைப் பற்றி எழுதியபோது இதைத் தொட்டார். யூதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் ஜோக்கில் அவர்களுடைய உண்மையான குறையும் தெரியும், அந்தக் குறையோடு சேர்ந்த நிறையும் தெரியும். வெளியார் சொல்லும் ஜோக்கில் யூதர் வெறும் கோமாளிப் பொம்மைதான். உள்ளே இருப்பவனுக்கு எந்த இடத்தில் கிச்சுகிச்சு மூட்டலாம், எந்த இடத்தில் புண் என்று தெரியும். வெளியாள் இருட்டில் கை வைக்கிறான்.

முட்டாள் ஜோக்கில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள் என்பது வேறு கதை. இங்கிலாந்துக்காரர் ஐரிஷ்காரரைச் சொல்வார், பிரெஞ்சுக்காரர் பெல்ஜியத்தாரைச் சொல்வார், பிரேசிலில் போர்த்துக்கீசியர், கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். எல்லாம் ஒரே ஜோக்தான்.

அப்படியானால் உள்ளே இருப்பவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் யார் காதில் விழுகிறது என்பதும் இருக்கிறதே. அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவையாளர் டேவ் சாப்பெல் 2005-இல் சுமார் 5 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்கா போய்விட்டார். கறுப்பரைப் பற்றிய பழைய கேலிச்சித்திரங்களை வைத்தே அந்தக் கேலியை நையாண்டி செய்யும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டிருந்தபோது, படப்பிடிப்பில் இருந்த ஒரு வெள்ளையர் சிரித்த விதம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தன்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்ற சந்தேகம். இன்னொரு கறுப்பின நகைச்சுவையாளர் கிறிஸ் ராக்கும் 1996-இல் தனக்குப் பெரும்புகழ் தந்த ஒரு பகுதியை அப்புறம் மேடையில் சொல்வதையே நிறுத்தினார். தான் சொன்னதைச் சாக்காக வைத்து இனவெறியர்கள் அதில் வரும், கறுப்பரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைத் தாங்களும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

நம் வீட்டிலும் இதேதான். அப்பாவின் குறட்டையை அம்மா எங்களிடம் நடித்துக் காட்டுவார், விழுந்து விழுந்து சிரிப்போம். அதையே பக்கத்து வீட்டு மாமி இருக்கும்போது நான் நடித்துக் காட்டினேன். அம்மா அன்று இரவு முழுக்கப் பேசவில்லை. குறட்டை என்னவோ அதே குறட்டைதான்.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. வசதியான கூட்டம் தன்னைத் தானே கேலி செய்துகொள்ள அதிகம் செலவாகாது. "நாங்கல்லாம் தயிர்சாதம் சார், அடிதடின்னா ஓடிருவோம்" என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். அதனால் வாடகை வீடு கிடைக்காமல் போகாது, வேலை போகாது. "எங்களை நாங்களே கிண்டலடிக்கிறோமே, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தொட்டால்சுருங்கி?" என்று அவர்கள் மற்றவர்களைக் கேட்பதுதான் பொருந்தாமல் இருக்கிறது.

ஊர்ப்பெயர் வைத்துக் கூப்பிடுவதெல்லாம் சும்மாதானே? எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. "கோயமுத்தூர் குசும்பு" என்பதைக் கோவைக்காரர்களே சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிவார்கள். நிலாவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்குக்கு அங்கே ஏற்கெனவே கடை போட்டிருந்த நாயர் டீ ஆற்றிக் கொடுத்த கதையை மலையாளிகளே நமக்குச் சொல்வார்கள். சொல்லாமல் என்ன, அது பாதி பாராட்டுத்தானே.

இலங்கையில் இருந்து ஒரு ஜோடி சொல்கிறேன். யாழ்ப்பாணத்தாரைப் "பனங்கொட்டை சூப்பி" என்பார்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் தங்களுக்குள் இதைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். பனங்காய்ப் பணியாரம் பொரிக்கும்போது கட்டாயம் ஒருவர் சொல்வார். அதே இலங்கையில் மலையகத் தமிழரைத் "தோட்டக்காட்டான்" என்று மற்றத் தமிழர்களே சொன்னதுண்டு. இலக்கணப்படி பார்த்தால் இரண்டும் ஒரே வகைதான்: ஒன்று தின்னும் பொருளால் வந்த பெயர், இன்னொன்று இருக்கும் இடத்தால் வந்த பெயர். ஆனால் இரண்டாவதற்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களை வரிசையாக அடைத்து வைத்த லயன் அறை இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்த 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லும்போது இவை அத்தனையும் கூடவே வந்து நிற்கின்றன. நான் அறிந்த மலையக நண்பர் யாரும் அதைப் பட்டப்பெயராக வைத்துக்கொண்டு சிரித்ததில்லை.

நம் கதையும் அழகில்லை. வடக்கே நம் எல்லோரையும் "மதராஸி" என்று ஒரே சாக்கில் கட்டினார்கள், நம் உச்சரிப்பை வைத்து இந்திப் படங்களில் காமெடி பண்ணினார்கள் என்று நமக்குக் கோபம் வரும். அப்புறம் நாமே நம் படங்களில் வட்டிக்கடை சேட்டுகளை "நம்பள்கி நிம்பள்கி" என்று பேசவைத்துப் பல வருஷம் சிரித்தோம். அதுகூடப் பரவாயில்லை, சேட்டு வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர், அவருக்கும் ஒரு பலம் இருந்தது. இன்று கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வரும் பீகார்ப் பையனை "வடக்கன்" என்று ஓட்டுகிறோமே, அவன் நம்மைத் திருப்பி என்ன சொல்லிவிடப் போகிறான்? அவன் இந்தியில் முணுமுணுத்தாலும் நமக்குப் புரியாது, புரிந்தால் வேலை போய்விடும்.

நமக்கு மேலே இருப்பவரைக் கேலி செய்வது?

அதற்கென்றே ஆள் போட்டு வைத்திருந்தார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவான். ராஜா வரும் முன் கட்டியம் சொல்வதும் அவன்தான், ராஜா வந்தபின் அவர் மீசையைப் பற்றிப் பேசுவதும் அவன்தான். இடையில் கூட்டத்தில் தூங்குகிற ஊர்ப் பெரியவரையும் ஒரு இழுப்பு இழுப்பான். விடியும் வரைக்கும் அந்த அனுமதி உண்டு. வேஷம் கலைந்தபின் அதே ஆள் அதே பெரியவரிடம் அதே சொல்லைப் பேச முடியாது. அந்த ஒரு ராத்திரி உரிமை அவனுக்கு உரியதில்லை, வேஷத்துக்கு உரியது.

கேரளத்தின் சாக்கியார் கூத்து இன்னும் கறாரானது. சாக்கியார் மேடையில் புராணம் சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பவர் யாரையும், அரசனையே கூட, பரிகாசம் செய்யலாம். கேட்பவர் வாய் திறக்கக் கூடாது. இதில்தான் எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில், அம்பலப்புழைக் கோயிலில் சாக்கியாருக்கு மிழாவு என்ற மேளம் வாசித்துக்கொண்டிருந்த குஞ்சன் நம்பியார் இடையில் கண்ணயர்ந்துவிட்டார். சாக்கியார் விடுவாரா, சபை நடுவே கேலி செய்துவிட்டார். பதில் சொல்ல நம்பியாருக்கு அங்கே வழி இல்லை. மறுநாள் அதே கோயில் வளாகத்தில் தானே ஆடிப் பாடும் புதுக் கலை ஒன்றோடு வந்து நின்றார். கூத்துப் பார்க்க வந்த கூட்டம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஓட்டன் துள்ளல் என்று சொல்வார்கள். மறுநாளே ஒரு கலை பிறக்குமா என்று கேட்காதீர்கள், கதை அப்படி. திருப்பிப் பேச வாசல் இல்லாதவர் தனக்கென்று ஒரு வாசல் கட்டிக்கொண்டார் என்பதுதான் அதில் எனக்கு ருசி.

சாமியைக் கேலி செய்யலாமா?

பக்தன் செய்யலாம். சுந்தரர் சிவனைப் "பித்தா" என்று கூப்பிட்டே ஆரம்பித்தார், அவருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர் கிடைத்தது. காளமேகம் பாடாத கேலியா? திட்டுவது போலப் புகழும் நிந்தாஸ்துதி என்று இலக்கிய வகையே இருக்கிறது. அதே வரியைக் கும்பிடாதவர் சொன்னால் காவல் நிலையத்தில் புகார் எழுதப்படும். மத உணர்வைப் புண்படுத்துவதற்கு எதிராக 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பழைய 295ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. அடுத்த கேள்வி.

சட்டத்துக்கு இந்த "உள்ளே, வெளியே" எல்லாம் தெரியுமா?

தெரியும் என்பதுதான் வியப்பு. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் பிரிவு, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் செய்தால் என்றுதான் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர், பலர் பார்வையில் படும் இடத்தில், அந்தச் சமூகத்தவரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதே சொல்லை அந்தச் சமூகத்துக்குள் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னால் இந்தப் பிரிவு வராது. பாட்டி கேட்ட "எந்த முறையில?" என்ற கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. இடத்தையும் பார்க்கிறது: வெளியார் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் சொன்னது இதில் வராது என்று 2020 நவம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் 2024 ஜூலை 8 அன்று வந்த தீர்ப்பு இன்னும் நேரடியானது. ஒரு இந்திப் படத்தில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாக வந்த வழக்கு. தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு படத்தில் தலையிடவில்லை. ஆனால் இரண்டு வகை நகைச்சுவையைப் பிரித்துக் காட்டியது. குறைபாட்டையே சிரிப்பாக்கி அவர்களை இழிவுபடுத்துவது ஒன்று. அந்த வாழ்க்கையிலிருந்து எழுந்து, மற்றவர்கள் அதைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தை அசைப்பது இன்னொன்று. அவர்களைப் பற்றி எடுக்கும்போது அவர்களையும் கலந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னது.

கேலி செய்துதான் புது ஆளைக் கூட்டத்தில் சேர்க்கிறோம் என்கிறார்களே, கல்லூரி ராகிங் மாதிரி?

இலங்கைத் தமிழில் ராகிங்குக்குப் பெயர் பகிடிவதை. பகிடி என்றால் வேடிக்கை. பகிடியோடு வதையை ஒட்டிய அந்தச் சொல்லே பாதி பதில். கூட்டத்தில் சேர்க்கும் சடங்கு என்பார்கள், ஆனால் அந்தச் சடங்கில் ஒரு பக்கம்தான் பேசும். அடுத்த வருஷம் அவன் திருப்பிக் கொடுப்பது சீனியருக்கு இல்லை, ஒரு பாவமும் அறியாத அடுத்த ஜூனியருக்கு. சிதம்பரத்தில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதற்குப் பிறகு தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது, இலங்கையில் 1998-இல்.

"கேலி" என்ற சொல்லின் இன்னொரு இருட்டும் 1998-ஐ ஒட்டியே வெளிச்சத்துக்கு வந்தது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்தபின் தமிழ்நாடு அரசு ஈவ்-டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2002-இல் அதன் பெயரே பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடை என்று மாறியது. மாறியது நல்லதுதான். தெருவில் போகும் பெண்ணிடம் முறை எங்கிருந்து வந்தது? முறைப்பெண்ணாகவே இருந்தாலும், அவள் திருப்பிப் பேசினால் "வாயாடி" என்று பட்டம் கட்டும் வீட்டில் அது கேலி உறவாக இருக்காது. நம் மஞ்சள்தண்ணீர் மரபைப் பற்றி மேலே உருகி எழுதிவிட்டேன். இதையும் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும்.

எதுக்கு வம்பு? யாரையும் கேலியே பண்ணாமல் இருந்துவிட்டால்?

அதற்கும் விலை உண்டு. எங்கள் விடுதி அறையில் ஐந்து பேர். ஒருவனுக்குப் போலியோவால் ஒரு கால் சூம்பியிருக்கும். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவோம், அவனிடம் மட்டும் "சாப்பிட்டியாப்பா?" என்று கனிவாகப் பேசுவோம். நாலு மாதம் பொறுத்துப் பார்த்தான். ஒரு நாள் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து, "ஏன்டா, நான் என்ன சீக்காளியா? என்னைய மட்டும் ஏன்டா எவனும் ஓட்ட மாட்டேங்கிறீங்க?" என்றான். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தோம். காலைத் தொடவில்லை, அது அவனே பேசினால் உண்டு, பேசவும் செய்தான். நாங்கள் பிடித்துக்கொண்டது அவன் கஞ்சத்தனத்தை. அதற்கு நாலு வருஷம் போதவில்லை.

நான் ஒன்று சொல்லிவிட்டேன், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிட்டது. இப்போது என்ன செய்வது?

"சும்மா ஜோக்குக்குத்தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பழி அவர் தலையில் விழுந்துவிடும். "தப்பா வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம். நான் காதுகுத்தில் அதைக்கூடச் சொல்லவில்லை. பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் வேறு ஊர், வேறு சாதி. நாங்கள் கேலி பேசினால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள், திருப்பி ஒன்றும் சொல்வதில்லை. நன்றாகப் பழகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இன்னும் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் தம்பி கட்டிக்கொண்டு வந்தது நாகர்கோவில் பெண். வந்த புதிதில் அவள் தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பை நாங்கள் எல்லோரும் ஓட்டுவோம், "கடல் பக்கம் தேங்கா சும்மா கிடைக்குமோ?" என்று. சிரிப்பாள், தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இரண்டு வருஷம் இப்படியே. போன தீபாவளிக்கு அம்மா ரசம் வைத்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தை, புளி வாங்கக் காசு இல்லன்னா எங்க வீட்டுல கேட்டிருக்கலாம்லா?" என்றாள். ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை. அப்புறம் அம்மாதான் முதலில் சிரித்தார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.